மஷ்ருவின் உள்பக்கம்

என் கணவருக்குத் துணி விரலில் தெரியும். எனக்கு ஊசியில் தெரியும். ஆம்பூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் அவர் விற்பனைக்கு நின்றார். அங்கே துணி எடுத்தவர்கள் தைக்கவும் கொடுத்தால் அது எங்கள் வீட்டுக்கு வரும், நான் மிஷினில் தைத்துக் கொடுப்பேன். ஒரே துணியைப் பற்றி நாங்கள் இருவரும் இரண்டு விதமாகப் பேசிச் சண்டை போடுவோம். மல் துணியை அவர் மெத்தென்று இருக்கிறது என்று கொண்டாடுவார். எனக்கோ அது சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை, ஊசிக்கு முன்னால் ஓடும். லாங்கிளாத் முரடு என்பார். வெட்டினால் வெட்டிய இடத்தில் நிற்கிற அந்த முரட்டுத் துணிதான் எனக்குப் பிடிக்கும். வெல்வெட் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கட்சி. ஒரு திசையில் தடவினால் வழியும், எதிர்த் திசையில் தடவினால் சிலிர்த்துக்கொள்ளும். திசை பார்க்காமல் வெட்டினால் ஒரு கை கறுத்தும் ஒரு கை வெளுத்தும் தெரிந்து, தைத்தவளின் மானத்தை வாங்கிவிடும்.

அவர் துணி பார்க்கும் விதமே தனி. மடிப்புக்குள் கையை விடுவார். கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. ஒரு தேய்ப்புத்தான். துணியின் இரண்டு முகமும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். கடையில் யாருக்காவது சந்தேகம் வந்தால், "அந்தக் கட்டைவிரலைக் கேளு" என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

அந்தக் கட்டைவிரலை நம்பி வந்தவர்களில் தோல் பதனிடும் தொட்டி வைத்திருந்த ஒரு சாயபுவும் உண்டு. பெருநாள் தொழுகைக்குப் போட்டுக்கொள்ள வருஷா வருஷம் ஒரு கோட்டு தைத்துக்கொள்வார், அதுவும் மஷ்ருவில்தான். அவர்களில் ஆண்கள் சுத்தப் பட்டு உடுத்தக் கூடாது. மஷ்ருவில் வெளிப்பக்கம் பட்டு மினுங்கும், உடம்பில் படும் உள்பக்கம் முழுக்கப் பருத்தி. அது ஆகும். பட்டு சாட்டினுக்கும் உள்பக்கம் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால், கடை இருட்டில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். விரலுக்குத் தோன்றாது. பருத்தி விரலைப் பிடிக்கும், பட்டு விட்டுவிடும்.

ஒரு நோன்பு மாதத்தில் சாயபுவின் துணி வழக்கம்போல வீட்டுக்கு வந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பிப் போட்டேன். கை வழுக்கியது. மறுபடி தடவினேன். உள்ளும் புறமும் பட்டு. மஷ்ரு என்று சொல்லி சாட்டினைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார் என் கணவர். அந்த மனுஷன் அதைப் போட்டுக்கொண்டு, தெரியாமல், பெருநாளன்று பட்டில் தொழுதிருப்பார்.

எனக்கு வந்தது கோபம். எங்கேயோ மனசை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார் என்று நினைத்தேன். நேரே கேட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி அப்படிப் போகாது. ஆளை மடக்கிப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. கடை விடுமுறையன்று அவர் சாப்பிட்டு முடித்ததும், வெட்டிப்போட்ட துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"கண்ணை மூடுங்க. நான் குடுக்கறது இன்னா துணின்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"இன்னா விளையாட்டு இது?"

"சும்மா சொல்லுங்க. பெரிய கட்டைவிரலாச்சே."

சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். பிளானலைக் கொடுத்தேன், குளிருக்குப் போர்த்துகிற சுணையுள்ள துணி. தேய்த்துப் பார்த்து, "மல்" என்றார். வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று சிரித்தேன். முடிச்சவிழ்த்துச் சுருங்கிச் சுருங்கி நிற்கும் சுங்குடியைக் கொடுத்தேன். "லாங்கிளாத்து." இன்னும் சிரித்தேன். மூன்றாவதாகத் தேங்காய்ப்பூ துண்டு. குருடர்கூடத் தொட்டால் சொல்லிவிடுவார்கள், அத்தனை பூப்பூவாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தேய்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"பட்டு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் வைத்த பரீட்சையை நினைத்து உடம்பு கூசியது. விரலில் உணர்ச்சி போய்விட்ட ஒருவரை உட்காரவைத்துச் சிரித்திருக்கிறேன்.

"எப்போலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே சுண்டுவிரல் மரத்துப்போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா" என்று சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தேமல் மாதிரி ஒரு வெளிறல். இத்தனை நாளும் தேமல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன பேர் என்று இருவருக்கும் தெரியும். பெருவியாதி என்கிற குஷ்டம். அந்தப் பேரை அன்றைக்கு இருவருமே சொல்லவில்லை.

"கடையில தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. இந்த வீட்ல கூட நம்மள வெச்சிருக்க மாட்டாங்க. உன் கையில துணி குடுக்கவும் யோசிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாத."

"வைத்தியம் பார்க்க வேணாமா?"

"பார்த்தா தெரிஞ்சுடுமே."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றிருக்க வேண்டும். எத்தனையோ அற்ப விஷயத்துக்கெல்லாம் அப்படி நின்றவள்தான். அன்றைக்குத் தலையை ஆட்டினேன். அவருக்காகத்தான் ஆட்டினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதில் பாதிதான் உண்மை. தெருவில் நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஜனங்கள் ஒதுங்கிப் போவார்களே என்ற பயம் மீதிப் பாதி.

சாயபுவின் துணியில் விளக்கெண்ணெயைக் கொட்டிவிட்டேன் என்று கடைக்குச் சொல்லியனுப்பினேன். முதலாளி முணுமுணுத்தபடி வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எந்த அடுக்கில், எந்தக் கட்டில் மஷ்ரு இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பருத்தி இழை எப்படித் தெரியும் என்றெல்லாம் என் கணவரைக் கேட்டுக் கேட்டு உருப்போட வைத்தேன். சரியாகக் கொண்டுவந்தார். சாயபு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஈத்கா தொழுகைத் திடலுக்குப் போனார்.

அதோடு நான் நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. விரல் இல்லாமல் துணியைக் கண்டுபிடிக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நகத்தால் கீறினால் பட்டு ஒரு சத்தம் போடும், பருத்தி போடாது. பிளானலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் சுணை தெரியும். சுங்குடியை இழுத்துவிட்டால் தானே சுருங்கிக்கொள்ளும். எதுவும் பிடிபடாவிட்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் அவருக்கு உணர்ச்சி இருந்தது. மத்தியானங்களில் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு அவரைக் கேள்வி கேட்பேன். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்ட நாளில் எனக்குப் பெருமை தாங்காது. நோயை ஏமாற்றிவிட்டோம் என்றே நினைத்தேன். ஏமாந்தது கடைக்காரர்கள்தான், நோய் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய சுண்டுவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது, நீட்டினால் நீளவில்லை. கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னார்.

ஒரு நாள் சாயபு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் அதுவரை வந்ததே இல்லை, ஆள்தான் அனுப்புவார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, கோச்சுக்காத. கடையில உன் வீட்டுக்காரர் எனக்கு லாங்கிளாத்து விரிச்சு காட்டினார். துணியில ரத்தம். பார்த்தா கட்டைவிரல்ல குண்டூசி ஏறி நிக்குது. அவருக்குத் தெரியல. சிரிச்சுப் பேசிக்கிட்டே இருக்கார்."

தெருவில் யார் காதிலாவது விழுகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"என் தொட்டியிலயும் ரெண்டொருத்தருக்கு வந்துது. வேலூர்ல டாக்டரம்மா நீரடிமுத்து எண்ணெயில ஊசி போடறாங்க. நான் அனுப்பினவங்களுக்கு ஜாஸ்தி ஆகாம நின்னுடுச்சு. லேட் பண்ணாத. அந்தக் குண்டூசியை நான்தான் எடுத்தேன், வேற யாரும் பார்க்கல. நான் யார்கிட்டயும் பேசமாட்டேன்."

பட்டில் தொழ வைக்கப் பார்த்தோமே, அந்த மனுஷன். அவர் தலை மறைகிறவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாளே காட்பாடிக்கு ரயிலேறி, அங்கிருந்து ஜட்கா வைத்து வேலூருக்குப் போனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சுத் திரியால் அவர் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். என் கணவர் காட்டவில்லை. பஞ்சு மணிக்கட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அவர் விரல் நீண்டது. அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துணியைத்தான் தினமும் பரீட்சை பார்த்தேன், கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

மடங்கின விரலைப் பிடித்து நீட்டிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"கை மரத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல இருக்குங்கம்மா. வீட்ல தெரியாது. நான்தான் மறைச்சிட்டேன். அவளுக்கு நேத்துத்தான் தெரியும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, பாவம் என்பதுபோல என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை விலக்கிவிட்டுப் பேச ஒரு நொடி போதும். எனக்கு அந்த ஒரு நொடிக்குத் தைரியம் இல்லை.

"நோய் மேல ஏறாம ஊசியில நிறுத்தப் பார்க்கலாம். மடங்கின விரல் இனிமே நிமிராது" என்றவர், அவரைப் பார்த்துக் கடிந்துகொண்டார். "பொண்டாட்டிகிட்ட அப்பவே சொல்லியிருந்தா உன்னை இழுத்துக்கிட்டு வந்திருப்பா. விரல் தப்பிச்சிருக்கும்."

"ஆமாங்கம்மா, என் தப்புதான்" என்று என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.