வேப்பம்பட்டு அக்காவின் பூ ஜடைப் படம்

பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இடம் என்றால் இன்றைக்கு யாருக்கும் அதில் ஒரு விசேஷமும் தெரியாது. அப்போது அது மரப்பலகை பெஞ்சு. ஜன்னலைத் திறந்தால் இஞ்சின் கரி கண்ணில் விழும், மூடினால் வியர்த்துக் கொட்டும். ஆனாலும் அந்த இடத்துக்காக நான் ஒரு வருஷம் முழுக்க ஏங்கியிருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பி.யூ.சி. படிக்கத் திருவள்ளூரிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வந்தேன். வண்டி எங்கள் ஊரில்தான் புறப்படும் என்பதால் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். திருநின்றவூர் வருவதற்குள் அந்த இடம் என் கையை விட்டுப் போய்விடும். இப்படித் தினமும் என்னை எழுப்பிவிட்டவள் வேப்பம்பட்டில் ஏறுகிற ஒரு பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என் வகுப்புதான். எல்லாரும் அவளை அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆனால் மனசுக்குள் அவளுக்கு நான் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

இடம் பிடுங்கியது என்றால் அடிதடி ஒன்றுமில்லை. அவள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தாள். 'ஸ்டேஷனுக்கு ஒண்ணு' என்று பெயர். வண்டி ஒரு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி அடுத்தது வருவதற்குள் ஒருத்தி தன்னைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். முதல் சினிமா, முதல் சைக்கிள், முதன்முதலாக ஓட்டலில் தின்றது, யாராவது பின்னாலேயே வந்து வழிந்தது, எதுவானாலும் சரி. சொல்ல ஒன்றும் இல்லாதவள் இருக்கிற இடத்தை விட்டு எழுந்துகொள்ள வேண்டும். ஜன்னலோரம் இருப்பவள்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம். வேப்பம்பட்டில் ஏறி, கூடையை மேலே போட்டுவிட்டு, என் எதிரில் வந்து நிற்பாள். "இன்னா பாப்பா, டூரிங் டாக்கீஸ் பாத்துக்கிறியா?" இல்ல. "சைக்கிள் உட்டுக்கிறியா?" இல்ல. "கடலாச்சும் பாத்துக்கிறியா?" இல்ல. "அய்யரூட்டுப் பொண்ணு இன்னிக்கும் அவுட்டு. எந்திரி, எந்திரி." நாங்கள் ஐயங்கார் என்று திருத்தக்கூட வாய் வராது. எழுந்து கதவோரம் போய் நிற்பேன்.

எனக்கு ஏன் ஒன்றுமே இல்லாமல் போயிற்று என்றால் அதற்குக் காரணம் அமாவாசை. என் அப்பா பெருமாள் கோயில் குளக்கரையில் தர்ப்பணம் செய்து வைக்கிறவர். மாதம் முழுக்க எங்கள் வீடு சாதாரண வீடுதான். அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அது சத்திரமாகிவிடும். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் கூடம் முழுக்கப் படுத்திருப்பார்கள். விடிந்தால் குளத்தில் முழுக்கு, தர்ப்பணம், பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. பெண் குழந்தைகள் இலை போட வேண்டும், சாப்பிட்ட இலையை எடுத்து எச்சில் இட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து மகாபலிபுரம் அழைத்துப் போனார்கள், அன்று அமாவாசை. ஆண்டு விழாவில் கோலாட்டத்துக்கு என் பெயரைச் சேர்த்தார்கள், மறுநாள் அமாவாசை. மற்ற நாள்களில் போகலாமே என்றால், மற்ற நாள்களில் எங்கும் போய்ப் பழக்கமில்லாத பெண்ணை யார் எங்கே அனுப்புவார்கள். அப்பாவுக்குச் சைக்கிள் உண்டு. தர்ப்பைக் கட்டும் எள்ளு டப்பாவும் அதில் ஏறிப் போயிருக்கின்றன, நான் ஒரு நாளும் ஏறியதில்லை.

பொய்யாக ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. குளக்கரையில் அப்பா வந்தவர்களிடம் முதலில் கேட்பது பெயர்களைத்தான். அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன, அவருக்கு அப்பா பெயர் என்ன. தெரியாமல் விழித்தால் வீட்டில் கேட்டு வரச் சொல்வார், குத்துமதிப்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "தப்பாச் சொன்னா ஜலம் வேற யாருக்கோ போயிடும், அவா அங்க காஞ்சுண்டு நிப்பா" என்பார். இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒருவர் உன்னைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ யாருக்கோ கேடு என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. ரயில் பெட்டியில் பொழுதுபோகாத பெண்கள் கேட்ட கேள்விக்கும் அப்படியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கோ சங்கதிகளுக்குப் பஞ்சமே கிடையாது. எல்லாவற்றிலும் அவளுடைய நைனா வருவார், அப்பாவை அவள் அப்படித்தான் சொல்வாள். நைனா தோளில் உட்கார வைத்து டூரிங் டாக்கீஸுக்குத் தூக்கிப்போனது, அவள் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது, பின்னாலிருந்தவன் காலால் அந்த மணலைக் கலைத்தது. நைனா சைக்கிளின் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து சொல்லாமல் கையை விட்டது, அவள் நேரே போய் ஒரு மாட்டின்மேல் மோதியது. நைனாவுடன் பழவேற்காட்டில் படகேறியது, நடு ஏரியில் வாந்தி எடுத்தது. எந்தக் கதையிலும் தனக்கு ஒரு அவமானத்தை வைத்துச் சொல்வாள், அதனால் சந்தேகமே வராது. ஆவடி தாண்டியும் பெட்டி முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும். கதவோரம் நின்றபடி நானும் சிரிப்பேன், வயிறு மட்டும் எரியும். ஒரே ஒருத்திக்கு எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டு என்னை இலை போட வைத்த பெருமாளிடம் எனக்குப் பெரிய வழக்கே இருந்தது.

அந்தச் சங்கதிகளிலெல்லாம் என்னை அதிகம் படுத்தியது பூ ஜடைப் படம். அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு மல்லிகை மொட்டை வரிசையாக வைத்து ஜடை தைத்து, ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய், பின்னால் பெரிய கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுப்பார்கள். என்னோடு படித்த பெண்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படி ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அக்கா தன் படத்தைப் பற்றிச் சொன்னாள். மைக் செட் வைத்து ஊரே அலறியதாம், மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினாராம், நைனா ஆவடிக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தாராம். "பூவுல எறும்பு இருந்துக்குது. பின் கழுத்துல கடிச்சிக்கினே கீது. போட்டோக்காரன் சிரி, சிரின்றான். என் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு நின்னுச்சி. அதையே பெருசு பண்ணி மாட்டிக்கிறாரு எங்க நைனா."

நான் பெரியவளானது தை அமாவாசைக்கு முதல் நாள். வருஷத்திலேயே கூட்டம் அதிகமான நாள் அது. அம்மா என்னை மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "இங்கயே உக்காரு. யாருண்டயும் சொல்லாதே. அமாவாசை முடியட்டும்" என்றாள். உள்ளே அத்தனை பேருக்குச் சமையல் நடக்கும்போது வீட்டில் தீட்டு என்று தெரிந்தால் என்ன ஆகும். அமாவாசை முடிந்தது. அம்மா அசதியில் படுத்தாள், அப்பா சில்லறைக் காரியங்களில் இறங்கினார், அந்தப் பேச்சு அப்படியே போயிற்று. ஒரு முழம் பூகூட எனக்கு யாரும் வாங்கவில்லை. பூ எங்கள் வீட்டில் வாங்குகிற பொருளே இல்லை, பெருமாளுக்குச் சாத்திக் களைந்தது வரும்.

வருஷக் கடைசியில் அக்கா சில நாள் ரயிலுக்கு வரவில்லை. ஜுரம் என்று சேவாப்பேட்டையில் ஏறுகிறவள் சொன்னாள். ஒரு நாள் மத்தியானமே கல்லூரியை மூடிவிட்டார்கள். திரும்பும் வழியில் என்ன தைரியத்தில் செய்தேனோ, வேப்பம்பட்டில் இறங்கிவிட்டேன். பை நிறையச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டுதான் போனேன், ஆனால் நலம் விசாரிக்கப் போனதாகச் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன். ஒருவேளை நன்றாக இல்லாமலிருக்கலாம், அப்படியானால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டிக் கூரை வீடு. அவளுடைய அம்மா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றேன். சுவரைப் பார்த்தேன். காலண்டர் ஒன்றுதான் தொங்கியது. வெட்கத்தை விட்டு, "அக்காவோட பூ ஜடைப் படம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இன்னா படம்?" என்றார் அந்த அம்மாள். "இவ பெரிய மனுஷி ஆவசொல்ல இவங்க நைனா செத்து மாசம்கூட ஆவல. எழவு ஊட்ல யாரு பூ வெப்பாங்க? ஓல கட்டறதுக்குக்கூட நாதி இல்ல. அப்பத்தான் இவ படிப்பும் ஒரு வருசம் நின்னுபோச்சி." கையில் இருந்த கடலையை உரித்து முறத்தில் போட்டுவிட்டு, "அந்த மன்ஷன் இருந்தப்ப மட்டும் இன்னா வாழ்ந்துச்சி. கம்பெனி, கம்பெனி உட்டா தூக்கம். ஒரு சினிமாக்கு இட்டுக்கினு போயிருப்பாரா, சைக்கிள்ல குந்த வெச்சிருப்பாரா" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது பழைய பொறாமைதான். உயிரோடு இருக்கிற என் அப்பா ஒரு நாளும் என்னைச் சைக்கிளில் ஏற்றியதில்லை. செத்துப்போன அவளுடைய நைனா தினமும் காலையில் அவள் பின்னாலேயே ஓடிவந்துகொண்டிருந்தார். அவளும் என்னைப் போலத்தான், கையில் ஒன்றுமில்லாதவள். அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒரு பெட்டியையே சிரிக்க வைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு எழுந்து நிற்கத்தான் தெரிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா விழித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவள் அம்மா தண்ணீர் கொண்டுவர எழுந்து போனதும், "டிரெயின்ல சொல்வியா?" என்றாள். எப்போதும் என்னை எழுப்பிவிடுகிற குரல் இல்லை அது.  சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை. சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். கூடையை மேலே போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளையாட்டை அன்று சேவாப்பேட்டைக்காரிதான் தொடங்கினாள். "நீ அக்கா ஊட்டுக்குப் போனியாமே. அந்தப் போட்டோவப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். என்னிடம் முதல் முறையாகச் சொல்ல ஒரு சங்கதி இருந்தது. அதைச் சொன்னால் அவள் இனி இந்தப் பெட்டியில் ஏற மாட்டாள், ஜன்னல் எனக்கே.

"பாத்தேன்" என்றேன். நடுக்கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது என்றேன். மொட்டு ஒன்றுகூட விரியவில்லை, மூன்று வரி மல்லிகைக்கு நடுவில் கனகாம்பரம், அடியில் குஞ்சலம் என்றேன். எறும்பு கடித்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும், ஆனால் அதுவும் அழகுதான் என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அந்தத் தை அமாவாசையன்று கொட்டிலருகே உட்கார்ந்து நான் எனக்காக நினைத்துப் பார்த்த ஜடை அது. திருநின்றவூர் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை.

நான் முடித்ததும் அக்கா மெதுவாகத் திரும்பினாள். "ஓரத்துல நைனா நிக்கிறத சொல்லலியே" என்றாள். "கண்ணாடில பாதி ஆளு தெரிவாரு. குடையும் கையுமா நின்னுக்கினு. போட்டோக்காரன் எவ்ளோ சொல்லியும் நவுரலியே அவரு." அவ்வளவுதான். எல்லாரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். நைனா ஏன் குடை கொண்டுபோனார், அன்று மழையா, எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரே கேள்வி. அவள் கண் நிறைந்து வழிந்தது. சிரித்துச் சிரித்து வருகிறது என்று நினைத்தார்கள். ஆவடி நெருங்கும்போது சேவாப்பேட்டைக்காரிக்கு நியாயம் நினைவுக்கு வந்தது. "அது அக்காவுது. உன்னுது இன்னா?" என்றாள். இல்ல என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அக்கா என்னை உட்காரச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பி.யூ.சி. முடிந்து எல்லாரும் பிரிந்தோம். நான் மேலே படித்தேன், வேலைக்குப் போனேன், கடல் கடந்து ஒரு தடவை போய்வந்தேன், சொந்தமாகக் கார் ஓட்டினேன். போன வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணத்தில் வெள்ளை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். சேவாப்பேட்டைக்காரி. கணவருக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவள். பக்கத்தில் நின்ற பேத்தியிடம் ரயில், கரி, விளையாட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வேப்பம்பட்டு அக்கா எங்கே இருக்கிறாளோ என்று இரண்டு பேரும் கொஞ்சம் பெருமூச்சுவிட்டோம்.

"அக்காவுது பூ ஜடை போட்டோ ஒண்ணு இருந்துச்சே, உனுக்கு ஞாபகம் கீதா?" என்றாள். "நானே அவங்க ஊட்ல பாத்துக்கிறேன். மூணு வரி மல்லி, நடுவுல கனகாம்பரம். கண்ணாடில அவங்க நைனா குடையோட நிப்பாரு. அதே மாதிரி என் பொண்ணுக்கும் தெச்சி எடுத்தேன், இன்னும் ஊட்ல மாட்டிக்கிது."

நீ பார்த்ததில்லை, பார்க்க அப்படி ஒரு படமே இல்லை, அந்தக் கனகாம்பரம் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் முகத்தை உற்றுப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, "ஆமா, நீ இன்னா சொல்வ அப்ப? எல்லாரு சொன்னதும் ஞாபகம் வருது, உன்னுது மட்டும் ஒண்ணுகூட வரலியே" என்றாள்.