அந்தக் கோடிக்குக் கேட்ட பெயர்

அம்மா பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில், ஆளுயர மெஷின்களின் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவள். காது மந்தமானது, தொண்டை பெருத்தது. கூடத்தில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். மகள் பட்டம் வாங்க மேடையேறியபோது கடைசி வரிசையிலிருந்து, "தாரா, தலையைச் சரி பண்ணு!" என்று கத்தினாள். துணைவேந்தர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

மகள் மின்பொறியாளர். எதற்கும் ஒரே விடை வேண்டும் அவளுக்கு. பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அம்மா ஒருநாள் நட்சத்திரம் என்பாள், ஒருநாள் குன்று, ஒருநாள் ஆறு. மழுப்புகிறாள் என்றே மகள் நினைத்தாள். பிறகு தேடிப் பார்த்தாள். மூன்றும் சரி. சமஸ்கிருதத்தில் நட்சத்திரம். அயர்லாந்தில் பழைய ராஜாக்களின் குன்று. பால்கன் மலைகளுக்கிடையே ஓடும் ஓர் ஆறு. இதில் எதை நினைத்து வைத்தாய் என்று கேட்பதை ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் இருந்த அம்மாவின் பீரோவைக் காலி செய்யப் போனாள். சாப்பாட்டு வேளை, மெஷின்கள் நின்றிருந்தன. அம்மாவோடு ஒரே ஷிப்டில் இருந்த இஸ்திரி அத்தை, அம்மாவின் செருப்பையும் ஸ்வெட்டரையும் பையில் வைத்துக் கொடுத்தாள்.

"அத்தை, என் பேருக்கு அம்மா எந்த அர்த்தத்தை நினைச்சாங்க?"

"அர்த்தமா? நல்லாக் கேட்ட போ! நீ வயித்துல இருக்கறப்போ இங்க பெரிய சண்டையே நடந்துச்சு. நான் ஒரு பேரு சொல்றேன், மடிப்புக்காரி ஒண்ணு சொல்றா, தையக்காரி ஒண்ணு சொல்றா. ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு மொழி. கடைசில உங்கம்மா, 'மெஷின் ஓடுறப்போ எந்தப் பேரு அந்தக் கோடிக்குக் கேக்குதோ, அதுதான்'னுட்டா. நாள் பூரா கத்தி எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போச்சு."

"அப்புறம்?"

"எல்லாப் பேரும் பாதி வழியிலயே அமுங்கிடுச்சு. இது ஒண்ணுதான் வந்து சேந்துச்சு. உடனே எங்க ஊர்ல இது நட்சத்திரம்னு நான் ஆரம்பிச்சேன். எங்க ஊர்க் குன்றுங்கறா மடிப்புக்காரி. எங்க ஊர் ஆறுங்கறா தையக்காரி. உங்கம்மா யார் மனசையும் கெடுக்கல. மூணையும் வாங்கி வெச்சுக்கிட்டா."

"அப்போ அம்மாவா நினைச்சது எதுவுமே இல்லையா?"

"கூப்பிட்டா உனக்குக் கேக்கணும். அவ நினைச்சது அவ்வளவுதான்டி."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அத்தை கிட்ட வந்தாள். உலர்ந்த தலையணை உறை ஒன்றை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அதை அழுக்குக் கூடையில் போட்டாள்.

மணியடித்தது. அத்தை தன் இடத்துக்குப் போனாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. மகள் பையை அணைத்துக்கொண்டு நடைபாதை நடுவில் நின்றிருந்தாள்.

"தாரா! வண்டி வருது பாரு, ஓரமாப் போ!"

அத்தைதான், அந்தக் கோடியிலிருந்து. மற்ற வார்த்தைகளை இரைச்சல் தின்றுவிட்டது. பெயர் முழுசாக வந்தது. அவள் திரும்பிப் பார்த்து, அழுக்குத் துணி வண்டிக்கு வழிவிட்டாள்.