டாஷ்போர்டை அறுத்தது யார்

அந்தக் காரின் டாஷ்போர்டை அறுத்தது நான் இல்லை. சொந்தக்காரர்களிடம் வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார் என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். துபாயில் இருக்கும் அவர், லீவில் வரும்போது ஓட்டுவதற்காக வாங்கி எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். நாங்கள் குடியிருக்கும் வீடும் அவருடையதுதான். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் கப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டின் முன்ரூம் ரோட்டைப் பார்த்தபடி சும்மா பூட்டிக் கிடந்தது. கார்களுக்கு ஸ்கிரீனும் கேமராவும் மாட்டுகிற கடை வைக்க அதைக் கேட்டேன். மாமா போனில் சிரித்தார்.

"மொதல்ல எங்காருல ஒண்ணு செஞ்சி காட்டும்மா. நல்லா இருந்துதுன்னா ரூமு உனக்குத்தான்."

ரெடிமேட் செட் வாங்கி மாட்டியிருக்கலாம். அதில் என் வேலை என்ன இருக்கிறது? கையகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைக் கூரியரில் வரவழைத்தேன். பாட்டு, மேப், பின்பக்கக் கேமரா எல்லாம் ஒரே டச் ஸ்கிரீனில் வர வேண்டும். தலைவலி கரண்டில்தான் இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்கிற நொடியில் பேட்டரி சோர்ந்துபோய் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சாவியை எடுத்தாலோ பட்டென்று உயிரை விடும். அடிக்கடி அப்படி நடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன சர்க்யூட்டை நானே சால்டர் செய்தேன். சாவியை எடுத்த பிறகும் கரண்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடிய பிறகே அது விடும். முதல்முறை சரியாக வேலை செய்தபோது காருக்குள் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஸ்கிரீனைச் சுற்றி ஒரு சட்டம் மட்டும் பாக்கி. என் வீட்டுக்காரர் வேறொரு யூனிட்டில் மோல்டு போடுகிறவர். "இதெல்லாம் ஒரு வேலையா, குடு" என்று வாங்கிக்கொண்டார். பிளாஸ்டரில் மோல்டு செய்து அதில் ஃபைபர் சட்டம் எடுத்தார். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பதால், எங்கள் ஊரில் மோல்டு போடுகிறவர்கள் எதையும் நிஜ அளவைவிடப் பெரிதாகத்தான் செய்வார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். அவர் கையும் செய்துவிட்டது. ஃபைபர் எங்கே சுருங்கும்? அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். நான் வேலை முடிந்து வருவதற்குள், அந்தப் பெரிய சட்டத்தை வைத்துக் கோடு போட்டு டாஷ்போர்டையும் அறுத்துவிட்டிருந்தார்.

ஸ்கிரீனை வைத்தால் சுற்றிலும் விரல் போகிற சந்து. "சுருங்கும்னு சேத்து வச்சிட்டேன்டி" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பைத்தான் காட்டினேன். கருப்பு ரப்பரை வெட்டி சந்தை அடைத்தேன்.

லீவில் வந்த மாமா எங்களை ஏற்றிக்கொண்டு திட்டக்குடி வரை ஓட்டிப் பார்த்தார். மேப் வழி சொன்னது, பாட்டு பாடியது. ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் நின்ற ஆடு ஸ்கிரீனில் தெரிந்தது. சர்க்யூட் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் அந்த ரப்பரைச் சுற்றி விரலால் தடவினார்.

"இன்னாம்மா இது, எலி கொறிச்ச மாதிரி அறுத்து வச்சிருக்க? பொம்பளைங்க கைய வச்சா இப்பிடித்தான். கடையில இப்பிடி செஞ்சின்னா அடிக்க வருவாங்க. முன்ரூம வேற யாருக்காச்சும் வுட்டுடலாம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'நான்தாண்ணே அறுத்தேன்' என்றால் முடிந்தது. அவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. நானே சொல்லியிருக்கலாம்தான், புருஷனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும். இப்போது முன்ரூமில் செல்போன் கடை இருக்கிறது.

மாமா துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு கேட்டேன். "ஏங்க, நீங்கதான் அறுத்தீங்கன்னு ஏன் சொல்லல?"

அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீதான் ஏற்கெனவே திட்டு வாங்கிட்டியே. நானும் ஒருக்கா எதுக்கு வாங்கணும்?"

அதை ஒரு நியாயமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ரசம் கேட்டார்.