மாத்திரையை நிறுத்தச் சொன்ன நாள்

கட்டிலில் அண்ணன். கால்மாட்டில் மதினி. கதவோரம் மதினியின் தம்பி. குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நர்ஸம்மா. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயசு டாக்டர் ஒருவர். பிறகு நான். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி, சித்திரை மாதம், உச்சிப்பொழுது. டாக்டர் அந்தக் கையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. போர்வெல் பைப்பை வளைக்கப் பார்த்தது மாதிரி இருந்தது.

அண்ணனுக்கு மனச்சிதைவு. இளவட்டத்திலேயே வந்தது. காதுக்குள் ஆட்கள் பேசுவார்கள். மாத்திரை சாப்பிட்டால் பேச்சு அடங்கிவிடும். எரியோட்டுப் பக்கம் எங்கள் முருங்கைத் தோட்டத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு வருசம், குணமாகிவிட்டது என்று எல்லோருமாகச் சேர்ந்து மாத்திரையை நிறுத்தினோம். சில மாதத்தில் ஒருநாள் காலையில் தோட்டத்துக்குப் போனவர் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். பேச்சில்லை, சாப்பாடில்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கும். பொழுது சாயும்வரை மதினி குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு அண்ணன் கண்ணைத் திருப்பி, "சோத்துக்கு வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மதினி ஒரு வேளை தவறியதில்லை. விறைத்தால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையில் காதுப் பேச்சு கொஞ்சம் கூடியதால் மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் வெயிலில் காய் பறித்தார். தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் விறைப்பு, கேட்டதற்குப் பதில் இல்லை.

"பழசு திரும்பிருச்சு தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு மதினி இன்னும் ஒரு மாத்திரையை நுணுக்கிக் கரைத்தார்.

"அட போக்கா, வெயிலு அடிச்சிருக்கு. மோரைக் குடு" என்றான் அவர் தம்பி.

"நீ பெரிய டாக்டரு. வாயை மூடிட்டு அவுக தலையைப் பிடி."

அண்ணனுக்கு விழுங்க முடியவில்லை. பாதி கடைவாய் வழியாக வழிந்தது. லோடு ஆட்டோவில் மெத்தையை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "காய்ச்சல் எப்ப இருந்து?" எங்களுக்குத் தெரியவில்லை. சித்திரையில் யார் உடம்பைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். வேர்வையை யார் கவனிப்பார்கள்? அளந்தார்கள். நூற்று நான்கு. டியூப் வழியாக வந்த மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. முன்னொரு தடவை வரப்பில் விறைத்து நின்றதை நான் சொன்னேன்.

"அப்ப கையை வளைச்சா மெழுகு மாதிரி வளைஞ்சு நின்னுச்சா?"

"ஆமா சார்."

"இப்ப வளையவே இல்ல. காய்ச்சல், வேர்வை, நாடி ஒரு நிலையில இல்ல. வெயில்னா உடம்பு துவண்டுரும், இப்படி விறைக்காது. சாப்பிடுற மாத்திரையே எப்பவாவது ஒருத்தருக்கு இப்படிப் பண்ணும். உயிருக்கே ஆபத்து. பழைய விறைப்பும் இதும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். ரத்தம் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன். அதுவரைக்கும் அந்த மாத்திரை ஒண்ணுகூடக் குடுக்கக்கூடாது."

மதினி எழுந்துவிட்டார். "நிறுத்தக்கூடாதுன்னு சொன்னதும் ஆஸ்பத்திரிதான், நிறுத்துன்னு சொல்றதும் ஆஸ்பத்திரிதானா?"

"ரெண்டும் சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் ரத்தத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். நர்ஸம்மா ஐஸ் எடுக்கப் போனார்.

நான் திரும்பிப் பார்க்கும்போது மதினி மடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அண்ணனின் பல்லைத் திறந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்தேன்.

"விடுங்க. வரப்புல குடை பிடிச்சு நின்னது நானு. நீங்க அன்னைக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டீக."

"கொடுங்க மதினி."

"அவுக செத்துட்டா நீங்க பதில் சொல்லுவீகளா?"

"சொல்றேன்."

மதினி என் முகத்தையே பார்த்தார். பிறகு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நான் செய்தது சரியா என்று அப்போது எனக்குத் தெரியாது. டாக்டருக்கே முழுசாகத் தெரியாது. கையை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கை வேர்வையில் மாத்திரை கரைந்து மாவாகிவிட்டது. அப்புறம் டாக்டர் ஓடிவந்தார். தசை சிதைந்ததைக் காட்டும் அளவு ரத்தத்தில் மிக அதிகம், மாத்திரையால் வந்ததுதான் என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். கதவு எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.

ஐஸும் ஊசியும் குளுக்கோசுமாகப் பல நாள் போனது. மூத்திரம் தெளிந்தது. கை மடங்கியது. அண்ணன் என் பேரைச் சொன்னார். அதோடு முடியவில்லை. மாத்திரை இல்லாத உடம்பில் காதுப் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. சுவரைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு மாத்திரை, மிகக் குறைந்த அளவில், வார்டிலேயே வைத்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். கொடுக்காவிட்டால் பழைய நோய். கொடுத்தால் அந்தக் காய்ச்சல் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்.

இப்போது அண்ணன் தோட்டத்தில்தான் இருக்கிறார். சித்திரை வந்தால் மதினி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கையை மடக்கித்தான் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

அன்றைக்கு வார்டில் அந்தப் புது மாத்திரையை முதல் தடவை கொடுக்க மதினிக்குக் கை வரவில்லை. "நீங்களே குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். அண்ணன் வாயில் வைத்துக்கொண்டே, "ஏலே, மூத்தாளை விரட்டிட்டு இளையாளைக் கூட்டியாந்துட்டீகளா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. விழுங்கினார். மறுநாள் விடிந்ததும் நர்ஸம்மா அவர் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். மதினி கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸம்மா எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

தொண்ணூற்று எட்டு.