கோமதியின் ஒன்பது பாட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து குவார்ட்டர்ஸில் கேசரி சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வந்து வாசல் குழாயடியில் நின்று கால் கழுவினேன் — துக்க வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி. என் மனைவி பதறிப்போய், "என்னங்க... யாருக்கு என்ன?" என்றாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு காஸெட் போய்விட்டது.

ஒரு காஸெட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் முணுமுணுப்பது தெரிகிறது. வாரா வாரம் என் புலம்பலைப் படிக்கிறவர்கள்தானே நீங்கள்... இந்த வாரத்துப் புலம்பலையும் கேட்டுவிடுங்கள். இதில் சிரிக்க அதிகம் இல்லை. இருக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரர். மீசை முளைத்த கையோடு நெய்வேலிக்கு வந்தவர். நிலக்கரியை மேலே கொண்டுவருகிற பெல்ட்டின் மோட்டார் பக்கத்திலேயே நின்று நின்று, காது முக்கால்வாசி போய்விட்டது. ரேடியோவில் நியூஸ் கேட்க வேண்டுமென்றால் அதைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொள்வார். சினிமாப் பாட்டு, நாதஸ்வரம் எல்லாம் அவருக்கு வெறும் இரைச்சல். "பாட்டெல்லாம் நமக்கு முடிஞ்சு போச்சு சார்" என்பார், ஏதோ ரேஷன் அட்டையில் பெயர் நீக்கியதுபோல.

அவருக்கு ஒரே மகள், கோமதி. தாயில்லாப் பெண். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்கள் பிளாக் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். மீதி நேரத்தில் கிடார்.

கிடார் என்றதும் கிறிஸ்துமஸ் கேரல் என்று நினைத்துவிடாதீர்கள். சிற்றலை ரேடியோவில் இங்கிலீஷ் ராக் பாட்டாகக் கேட்டுக் கேட்டு, தானே தமிழில் பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற பெண் இவள். அதுவும் எப்படி? நிலா, தென்றல், மல்லிகை... ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே டமால் என்று ஆரம்பிக்கும். நாம் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகுதான் தெரியும், இத்தனை நேரம் நம் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது என்று. ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு பாட்டு. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற சுரங்கத்தின் ஓரத்திலேயே சிம்னி விளக்கில் படிக்கிற பிள்ளையைப் பற்றி ஒன்று. பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒன்று. அதன் பல்லவி எனக்கு மனப்பாடம்:

'பாடத் தெரியுமான்னு கேட்டீங்களே...
பாடுறேன் பாடுறேன், காதப் பொத்துங்க!'

பிளாக் முழுக்க இதைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். "பொண்ணா லட்சணமா ஒரு கீர்த்தனை பாடக் கூடாதா?" கீர்த்தனை பாடியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

எங்கள் டவுன்ஷிப்பில் இன்னொரு சங்கடம் — இங்கே சத்தம் போடுவதற்கென்று ஒரு நேரமே கிடையாது. காலையா? நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்குவார். மத்தியானமா? அவர் இன்னும் எழுந்திருக்கமாட்டார். சாயங்காலமா? நைட் ஷிஃப்ட் போகிற இன்னொருத்தர் தூங்க ஆரம்பித்திருப்பார். எந்நேரமும் எவனாவது ஒருவன் தூங்குகிற ஊரில் ஒரு பெண் எங்கே போய் ராக் பாடுவாள்?

காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குப் போனாள். அங்கே ஒரு மோட்டார் கொட்டகை. அதில் கரண்ட் உண்டு. தோப்புக்குக் காவல் இருந்தவர் ஏழுமலையின் மாமா. ஏழுமலைதான் கோமதிக்கு டிரம்ஸ் அடிக்கிறவன். கம்மாபுரம் பக்கத்து ஆள், மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. பேஸ் கிடார் வாசிக்க ஒரு பேங்க் கிளார்க். ஞாயிறானால் மூன்று பேரும் தோப்பில் இருப்பார்கள்.

சும்மா விடுமா ஊர்? யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். "உங்க பொண்ணு ரெண்டு ஆம்பளைங்களோட முந்திரித் தோப்புல..." ஆவுடையப்பன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். அடிதடி ஆகாமல் பார்த்துக்கொள்ள நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கொட்டகைக்குள் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. கையை ஓங்கிக்கொண்டு போனவர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மகள் அவரைப் பார்த்து வெலவெலத்துப் போய் நிறுத்தினாள்.

"கோமு... ஏன் நிப்பாட்டுத? இன்னொரு தரம் பாடு."

"அப்பா, நான் வந்து..."

"எனக்குக் கேக்குட்டி! வார்த்தை வார்த்தையாக் கேக்கு!"

ஊரே காதைப் பொத்திக்கொண்ட சத்தம்தான் அந்த மனிதரின் காதுக்குள் நுழைகிற அளவுக்குச் சத்தமாக இருந்திருக்கிறது. எத்தனை வருஷத்துக்குப் பிறகோ ஒரு பாட்டைக் கேட்கிறார். அதுவும் சொந்த மகள் பாடி. திரும்பி வரும் வழியெல்லாம் பல்லவியைத் தப்புத் தப்பாகக் கத்திக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினார். அன்று நாங்கள் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

இந்தக் கோடையில் மூன்று பேரும் மெட்ராஸ் போனார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு மாடி ஸ்டூடியோவில் ஒரே நாளில் ஒன்பது பாட்டு. ரீல் டேப்பை விலைக்கு வாங்க வசதி இல்லை. ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் ஒரு காஸெட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பார்ட்டிக்காக ரீலை அழித்துவிட்டார். சின்ன ஸ்டூடியோக்களில் அதுதான் பழக்கமாம். மறு வாரமே பேங்க் கிளார்க்குக்கு வடக்கே டிரான்ஸ்ஃபர் வந்து, அவரும் போய்விட்டார்.

காஸெட் கம்பெனிக்காரர் ஒருவர், "கொண்டாம்மா, கேக்கறேன். ஆனா உங்க ஊர்க் கடையில காப்பி போட்டுச் சுத்த விட்டா நான் தொடமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊர் ரெக்கார்டிங் கடை உங்களுக்குத் தெரியாது. காப்பிக்குக் கொடுத்த பாட்டு மறுநாள் டீக்கடையில் ஓடும். அதனால் காப்பி எடுக்கவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் அவளே மெட்ராஸுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. "என் முதல் ஆல்பம் அங்கிள்" என்று என்னிடம் காட்டினாள். கையில் கொடுக்கவில்லை, காட்டினாள்.

சனிக்கிழமை ஆவுடையப்பனுக்கு ரிட்டயர்மென்ட்.

இங்கே மைன்ஸ் செக்‌ஷன்களில் ஒரு வழக்கம். ரிட்டயர் ஆகிறவர் பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு வரும்போதே கையோடு ஒரு காஸெட் கொண்டுவருவார். எல்லோருடைய பேச்சையும் அதில் பதிந்து, மாலையும் சுவர்க் கடிகாரமுமாக அனுப்பிவைப்பார்கள். சொந்த ஊருக்குப் போய் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, தான் எவ்வளவு பெரிய ஆள் என்று போட்டுப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பதிகிற வேலை தங்கராசுவுடையது. அவரும் ஃபோர்மேன்தான். துபாய் மச்சான் கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரேடியோ அவரிடம் இருக்கிறது.

ஆவுடையப்பன் காஸெட் வாங்கவில்லை. காது கேட்காதவருக்குப் பேச்சுக் காஸெட் எதற்கு? ஆனால் அவருக்கு வேறொரு ஆசை இருந்தது. தன்னோடு பெல்ட்டடியில் மாரடித்த ஆட்களுக்கு மகள் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். கோமதி டியூஷனில் இருந்த நேரம், அலமாரியைத் திறந்து காஸெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஆரம்பித்துவிட்டது. தங்கராசு கையை நீட்டினார். இவர் கொடுத்தார்.

தங்கராசு என்ன செய்வார்? வழக்கமாகச் செய்வதைச் செய்தார்.

சாயங்காலம் நான் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆவுடையப்பன் கழுத்து மாலையைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் பூரிப்பு. காஸெட்டை மகளிடம் நீட்டினார்.

கோமதிக்கு முகம் மாறியது. "இத ஏம்ப்பா எடுத்துட்டுப் போனீங்க?"

"ஏசாத கோமு. எல்லாரும் கேட்டாங்க! தங்கராசு பொட்டியில சக்கரம் சுத்திட்டே இருந்துச்சு. மெதுவா வச்சிருக்கான் போல, எனக்குத்தான் கேக்கல. ஆனா முகத்தப் பாத்துட்டே இருந்தேன். ரெண்டு மூணு பேரு கண்ணத் தொடச்சிக்கிட்டாங்கட்டி!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் பெருமையும் கலந்த சிரிப்பு. நேரே போய்த் தங்கள் பிளேயரில் காஸெட்டைப் போட்டாள். முதல் பாட்டின் கிடாருக்காக நானும் காதைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..."

பிறகு ஒரு கரகரத்த தொண்டை: "சொக்கத் தங்கம் ஆவுடையப்பன் அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை..." சொல்ல வேண்டியதில்லை என்றுவிட்டு காஸெட்டில் அரைப் பக்கம் சொன்னார். கோமதி ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். சொக்கத் தங்கம். கடமை வீரர். பெல்ட் அறுந்த அன்று சாப்பிடாமல் நின்றவர். மறுபக்கம் போட்டாள். அங்கும் சொக்கத் தங்கம். பேச்சு முடிந்த பிறகும் டேப் மிச்சம் இருந்திருக்கிறது. வீணாக்குவானேன் என்று தங்கராசு டீ குடிக்கிற சத்தத்தையும் பிடித்திருந்தார். "வடை இந்தப் பக்கம் வரல..." அத்தோடு காஸெட் முடிந்து டக்கென்று நின்றது.

ஆவுடையப்பன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தப் பாட்டு ஓடுச்சு? சத்தத்தக் கூட்டேன்."

அவள் அவர் காதருகே போய்க் கத்தினாள். "அழிஞ்சு போச்சுப்பா! எல்லாம் அழிஞ்சு போச்சு!"

அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எதற்கு? யோசனை சொல்லத்தான். ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாமே... காஸெட் முதுகில் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தால் மேலே பதியாதே... பூட்டி வைத்திருக்கலாமே... நம்மவர்களின் மூளை எப்போதும் காரியம் கெட்ட மறுநாள்தான் டியூட்டிக்கு வரும். தங்கராசு மட்டும் யோசனை சொல்லவில்லை. வாசலோடு நின்று, "முழுசா நெறச்சுக் குடுக்கணும்னுதான் சார் பண்ணேன்..." என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

எனக்கு வருகிற ஆத்திரம் யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு மனிதர் உழைத்த காலமெல்லாம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல நமக்கு வாய் வராது. ரிட்டயர் ஆகவேண்டும், அல்லது சாகவேண்டும். அன்றைக்கு அத்தனை பேரும் க்யூவில் நின்று மொத்தமாகக் கொட்டுகிறோம். இந்தத் தடவை அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியில், அவர் வீட்டில் விளைந்த ஒரே அதிசயம் அழிந்தது. அந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவும் இல்லை.

திங்கட்கிழமை ஆவுடையப்பன் காஸெட்டை எடுத்துக்கொண்டு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்புக்கே போய்விட்டார். "மண்ண வெட்டுத பக்கெட் வீலே பிளந்துக்கிட்டப்ப அடுத்த ஷிஃப்டுக்குள்ள ஓட வச்சோம். இத்துனூண்டு டேப்ப சரி பண்ண முடியாதா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டிருக்கிறார். இரும்பைத் தவிர எதையும் அறியாத மனிதர். உடைந்தது எல்லாம் ஒட்டும் என்று நம்புகிறவர். இது உடையவில்லை, இல்லாமலே போய்விட்டது என்பதை அவருக்கு எழுதிக் காட்டிப் புரியவைத்தார்களாம்.

அன்று ஏழுமலையும் வந்தான். கேட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"மறுபடி ஒரு தடவை பண்ண முடியாதாப்பா?" என்றேன்.

"எப்டிங்க சார்? பேஸ் அடிச்சவரு வடக்க போயிட்டாரு. என்னியும் கான்ட்ராக்ட்டுல நிறுத்திட்டாங்க, பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குக் கெளம்பிக்கினு இருக்கேன். கோமதி அக்கா வூட்டுலயும் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்." கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். "எங்க நெலம் மைன்ஸுக்குப் போச்சு. அது போனாலும் பள்ளமாவது இருக்குது சார். தோ இங்கதான் இருந்துச்சுன்னு காட்டலாம். இத எதக் காட்டி சொல்றது?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் சாமான்களெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தன. தங்கராசுவின் டூ-இன்-ஒன்னைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். கூடவே புதுக் காஸெட். கோமதி கிடாரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்களே அமுக்குங்க. எனக்கு எந்தப் பித்தான்னு தெரியாது. ஒம்பதையும் இப்பப் பிடிச்சிருவோம். ட்ரம்மு இல்லாட்டி என்ன, பாட்டு அவ பாட்டுதான."

அமுக்கினேன். அவர் டேப் மேலேயே குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பாடுதியாட்டி?"

அவள் எழுந்து வந்து அவர் காதோடு சொன்னாள். "பாடுதேன்ப்பா."

"கேக்கலயே கோமு. கொஞ்சம் சத்தமா..."

மறுபடியும் குனிந்தாள். "சத்தமாத்தாம்ப்பா பாடுதேன்."

"அப்படியா?" என்றார். தன் காதை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப மிச்சமிருந்ததும் போச்சு போல. போகட்டும்... பதியுதுல்லா? எனக்குக் கேக்காட்டி என்ன, நீ பாடு."

அந்த இரண்டு பதிலைத் தவிர கோமதி வாயே திறக்கவில்லை. கிடார் கம்பிமேல் ஒரு விரல்கூடப் படவில்லை. காஸெட் ஒரு பக்கம் முடியும்வரை அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆவுடையப்பன் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் யாராவது அவரைப் பார்த்தால்... தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.