சேதி வாங்கி வைக்கும் சோடாக்கடை

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அய்யாக்குட்டி சோடாக்கடை வைத்திருந்தான். சோடா சுமார்தான். அதைக் குடித்து யாருக்கும் ஏப்பம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கடை முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். செங்கோட்டை, குற்றாலம், ஆய்க்குடி என்று எந்தப் பக்கம் போகிறவரும் அங்கேதான் பஸ் மாற வேண்டும். ஒருவர் வரும்போது மற்றவர் இருக்கமாட்டார். அதனால் சொல்ல வேண்டியதை அய்யாக்குட்டியிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கேட்க வேண்டியவர் தன் சௌகரியத்துக்கு வந்து கேட்டுக்கொள்வார்.

நான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திப் பிழைத்தவன். பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். வாங்க வேண்டிய புரோகிராம் வேறு வேலையில் இருந்தால் அனுப்புவது காத்துக் கிடக்க வேண்டியதில்லை. நடுவில் பஃபர் என்று ஓர் இடம் உண்டு. அதில் சேதியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். இதைப் புரியவைக்க மற்ற வாத்தியார்கள் பலகை முழுக்கப் பெட்டியும் அம்பும் வரைவார்கள். நான் அய்யாக்குட்டி கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஆரம்பத்தில் அவனிடம் இருந்தது ஒரு தகர டப்பா. யாராவது சேதி சொன்னால், உடைந்த சோடா பாட்டில் கோலி ஒன்றை அதில் போடுவான். சேதி மண்டையில் இருக்கும், கோலி ஞாபகத்துக்கு. சொல்லும்போது மேலே கிடக்கும் கோலியை எடுத்து, அதற்குரிய சேதியை முதலில் சொல்வான். இதில் என்ன தப்பு என்று அவனுக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை, ஆய்க்குடி வீரபாகுவின் மாடு போகும்வரை.

வீரபாகு காலையில் வந்து, மச்சினன் வந்தால் மாட்டை விற்கச் சொல் என்றார். மத்தியானம் மனசு மாறி, விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மச்சினன் வந்தபோது மேல் கோலி முதலில் வந்தது. விற்க வேண்டாம் என்பதை முதலிலும், விற்றுவிடு என்பதைப் பிறகும் கேட்டவர், கடைசிச் சொல்தான் சொல் என்று கறவை மாட்டை விற்றுவிட்டார். வீரபாகு கடை வாசலில் நின்று பேசிய பேச்சில் நாலு பாட்டில் தானாக உடைந்தது என்பார்கள்.

அதற்குப் பிறகுதான் மூங்கில் குழல்கள் வந்தன. ஆளுக்கு ஒரு குழல், கரியால் பெயர் எழுதி வரிசையாகத் தொங்கும். கோலியை மேலே போட வேண்டும், கீழே அடைப்பைத் திறந்து எடுக்க வேண்டும். முந்தி வந்த சேதி முந்தி விழும். குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் பெருகும் காலத்தில் குழல் எல்லாம் நிரம்பிவிட்டால் சேதி வாங்கமாட்டான். நாளைக்கு வா என்பான். யார் சொன்னது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சேதியைச் சொல்வான். சொன்னவர் சொன்னபடியே, ஒரு சொல் கூடாது, குறையாது.

குற்றாலத்தில் அருவிக்கரையில் பழக்கடை போட்டிருந்த முத்துவடிவுக்கும் ஒரு குழல் இருந்தது. வாழைத்தார் எடுக்கத் தென்காசிச் சந்தைக்கு வருகிறவள், திரும்பும்போது சேதி கேட்டுவிட்டுப் போவாள். கிழவர்கள் உட்பட சந்தையே அய்யாக்குட்டியை அண்ணாச்சி என்றது. அவள் ஒருத்தி மட்டும் ‘சோடாக்காரரே’ என்பாள். இதன் அர்த்தம் சந்தையில் எல்லோருக்கும் புரிந்தது. புரிய வேண்டிய மண்டையில் ஊரார் சேதி நிறைந்திருந்ததால் அங்கே மட்டும் இடமில்லை. அவளை நினைத்து அவன் உருகிக்கொண்டிருந்ததும் உண்மை. ஊரார் மனசில் உள்ளதையெல்லாம் மணியாகச் சொல்கிறவனுக்குத் தன் மனசில் உள்ளதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒரு ஆடி மாதக் காலையில் அவளுடைய செங்கோட்டைச் சித்தி, ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் சேதி சொல்லிவிட்டுப் போனாள். முத்துவடிவுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறது. பையன் போலீஸ். சாயங்காலம் செங்கோட்டைக்கு வந்து வெற்றிலை மாற்றுகிறார்கள். அவளுக்கு இஷ்டமில்லை என்றால் அதற்குள் சொல்லி அனுப்ப வேண்டும்.

அய்யாக்குட்டி கோலியைக் குழலில் போட்டான். வெகுநேரம் கழித்து இன்னொரு கோலியை எடுத்து அதே குழலில் போட்டான். அது அவனுடைய சேதி. குழலைத் தலைகீழாகப் பிடித்தால் தன் சேதி முதலில் விழும். பிடித்தும் பார்த்தான். வீரபாகுவின் மாடு ஞாபகம் வந்து பழையபடி தொங்கவிட்டான்.

முத்துவடிவு வந்தாள். வாழைத்தார்கள் பஸ் மேல் ஏறிவிட்டன. சித்தி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான். அவள் முகம் விழுந்துவிட்டது. அவன் வேறு எங்கோ பார்த்தபடி, அவ்வளவுதான் என்றான். அவள் குழலை எடுத்துக் காதருகே ஆட்டினாள்.

“இன்னும் ஒண்ணு உருளுதே. ஆரு சொன்னது?”

பழைய கோலி, சிக்கிக் கிடக்கிறது என்று மழுப்பினான். அவள் அடைப்பைத் திறந்து குழலைத் தட்ட, கோலி அவள் உள்ளங்கையில் விழுந்தது. விழுந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். அதுதான் கடைச் சட்டம். அய்யாக்குட்டி சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“தென்காசி சோடாக்கடை அய்யாக்குட்டி சொல்லச் சொன்னான். சிவகிரிக்குப் போவாண்டாம். உனக்குச் சம்மதம்னா நான் கெட்டிக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு வேறு யாருக்கோ சோடா உடைக்கத் திரும்பினான். அங்கே யாரும் சோடா கேட்கவில்லை. அவள் கையிலிருந்த கோலியோடு குழல் வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

“பதில் போடலாம்னு பாத்தா, அய்யாக்குட்டி பேருக்கு இங்கன குழலே இல்லையே. போட்டுட்டுப் போற சேதியும் இல்ல இது. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும். கேட்டுட்டுத்தான் போவேன்.”

அந்தக் கடையில் அதுவரை யாரும் சேதிக்காகக் காத்து நின்றதில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். அவள் திரும்பவில்லை. பஸ் வாழைத்தார்களை மட்டும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விட்டது. அய்யாக்குட்டி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்து அதையே மறுபடியும் சொன்னான். அவள் சிரித்தாள். அவனுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

ஆனால் சாயங்காலத்துக்குள் செங்கோட்டைக்குச் சேதி போக வேண்டுமே. அந்தப் பக்கம் போகிற ஆள் யாரும் கடையில் இல்லை. சாரல் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் அவன் பலகைகளை எடுத்துக் கடையைச் சாத்தினான். நானே போகிறேன் என்றான். செங்கோட்டை பஸ்ஸில் ஒரு காலை வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

“ஆரு சொல்லச் சொன்னதுன்னு உங்க சித்தி கேப்பாளே, என்ன சொல்ல?”

“ஆரும் சொல்லச் சொல்லல, மாப்பிள்ளையே வந்திருக்கேன்னு சொல்லும்,” என்றாள் முத்துவடிவு.