சாரா அம்மாவின் தேக்சா

சாரா அம்மாவின் பிரியாணியில் நான் தயிர் ஊற்றினேன். ஒருநாள் அல்ல, அவருடைய கடைசிக் காலம் முழுவதும்!

இதிலென்ன குற்றம் என்பீர்கள். ஆம்பூரில் தயிர் இல்லாமல் பிரியாணியா? கேளுங்கள்... சாரா அம்மா யூதர். இறைச்சியோடு பாலோ தயிரோ சேரக்கூடாது என்பது அவர்களுடைய மார்க்கம்.

கொச்சியிலிருந்து மணப்பெண்ணாக வந்தவர். கணவருக்கு இங்கே தோல் பதனிடும் டேனரியில் வேலை. ஊரிலேயே அவர்கள் ஒரே யூதக் குடும்பம். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் போனில் பார்த்துக் கொஞ்சினார். தெருவில் எந்தச் சண்டையும் அவர் வாசலுக்கு வந்தால் ஓய்ந்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் இஸ்ரேலுக்குப் போன பிறகும் அவர் போகவில்லை.

"தோல் நாத்தம் இல்லாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராதும்மா" என்று சிரிப்பார். கணவரின் கல்லறை இங்கே இருந்தது என்பதுதான் நிஜம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவர் வீட்டு ஜன்னல் இப்போதும் என் கண்ணுக்குள் வருகிறது... இரண்டு விளக்குகள் ஏற்றி, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார். சற்று நேரத்தில் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், இது கனவா நனவா என்று நான் நின்று பார்த்ததுண்டு.

எதற்கும் அசையாதவர் அல்ல. எங்கள் ஹலால் அறுப்பை ஏற்றுக்கொண்டார். "நீங்களும் ஒரே ஆண்டவன் பேரைச் சொல்லித்தானே அறுக்கறீங்க?" என்பார். தயிர் விஷயத்தில் மட்டும் பிடித்த பிடி!

தயிர் பட்ட பாத்திரமும் ஆகாது என்று, அவருக்கென்று ஒரு தேக்சாவை வாங்கி என் சமையலறையிலேயே வைத்திருந்தார். தயிருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து, அதில் தனியாகச் செய்து கொடுப்பேன். ஒருநாளும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை.

"ஷமீம் கை பட்டாப் போதும், கண்ண மூடிக்கினு சாப்பிடுவேன்!"

கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டார்... ஐயோ!

தொண்ணூறு தாண்டியதும் அவருக்கு நாக்கு செத்துப்போயிற்று. கஞ்சி இறங்கவில்லை. என் பிரியாணியையும் இரண்டு வாயோடு ஒதுக்கிவிட்டார். "இன்னா ஷமீம், ருசி கம்மியா இருக்குதே" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அடுத்த முறை கறியை ஊறவைக்கும்போது, எங்களுக்காக எடுத்த தயிரில் ஒரு கரண்டி அவருடைய தேக்சாவுக்குள் போனது. கை தவறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தட்டைக் காலி செய்தார்! "இன்னிக்குத்தாம்மா பிரியாணி" என்று விரலைச் சப்பினார்.

அவர் உடம்பு தேற வேண்டுமென்றா செய்தேன்? ஆம். அதற்காக மட்டுமா? அந்தப் பாராட்டை மறுபடி கேட்கத்தானே ஒரு கரண்டி இரண்டானது! எனக்கு ஹராமான ஒன்றை எவராவது என் தட்டில் கலந்து, உன் நன்மைக்குத்தான் என்றால் நான் மன்னிப்பேனா? மாட்டேன். அது தெரிந்தேதான் செய்தேன்.

கடைசி வாரத்தில் வந்து சேர்ந்த மகள் ரூத், அடக்கம் முடிந்ததும் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மாவோட நெறிய கடைசி வரைக்கும் காப்பாத்தினது நீங்கதான் அக்கா."

தெருவே தலையாட்டியது. நான் அழுதேன். எதற்கென்று எவருக்கும் தெரியாது.

ஊர் திரும்பும்போது ரூத், அம்மாவின் ஞாபகமாக அந்தத் தேக்சாவைக் கேட்டாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்... கொடுத்தும்விட்டேன்!

சாரா அம்மா என் கனவில் வருகிறார். ஜன்னலில் விளக்குகள் எரிகின்றன. எதிரே தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுகிறார்... சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

அவர் இறந்த நாளில் ரூத் ஒவ்வொரு வருடமும் அந்தத் தேக்சாவில் பிரியாணி செய்கிறாள். இந்த வருடமும் போன் செய்தாள். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியேதான் செய்றேன். அம்மா போன்ல சொல்லிச் சொல்லிப் பூரிச்சாங்களே, அந்த ருசி மட்டும் வரவே மாட்டேங்குது. வேற இன்னா போட்டீங்க?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு... கைப்பக்குவந்தான்."

அவள் அம்மாவைப் போலவே, அவளும் நம்பிவிட்டாள்.